மதுரையிலிருந்து பனி அல்ட்ராவுக்கு: காகிதம், காசு, காலுறை

பிப்ரவரி கடைசியில் மதுரையில் காலை ஏழு மணிக்கே ஓடுகிறவரின் பனியனைப் பிழியலாம். அதே வாரத்தில் ஆல்ப்ஸ் மலையில் பனியில் கால் புதையப் புதைய 50 கிலோமீட்டர் ஓட ஆசைப்படும் நம்மூர்க்காரருக்காக இதை எழுதுகிறேன். நான் கிளம்பியபோது தமிழில் விசாரிக்க ஆள் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்ததெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கு எழுதியது. விசா வரிசையும் இனிஷியல் தொல்லையும் அவர்களுக்கு ஏது?

ஊரில் எல்லோரும் கேட்பது, "குளிர் தாங்குவீங்களா?" ஓடிக்கொண்டே இருக்கும் உடம்புக்குக் குளிர் அவ்வளவு பெரிய எதிரி இல்லை. நம்மைக் கவிழ்ப்பவை இரண்டு: வியர்வையும் தேதியும். வியர்வை மலையில் கவிழ்க்கும். தேதி சென்னையிலேயே கவிழ்த்துவிடும், மலைவரை போகவே விடாது.

நீங்கள் ஏற்கெனவே ஒரு 50 கி.மீ. ஓட்டமோ, மேடு பள்ளமான பாதையில் சில மாரத்தான்களோ முடித்தவர் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். அது இல்லையென்றால் இந்த வருடம் அதை முடியுங்கள். பனி எங்கும் போகாது.

1. எந்தப் பந்தயம்?

42.195 கி.மீ.க்கு மேல் எது ஓடினாலும் அல்ட்ராதான். முதல் பனி ஓட்டத்துக்கு 50 கி.மீ. போதும். தூரத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மொத்த ஏற்றம், கடைசி நேர வரம்பு, பாதை இரவில் எவ்வளவு நேரம் போகிறது ஆகிய மூன்றும். 50 கி.மீ.யில் 2,000 மீட்டருக்கு மேல் ஏற்றம் என்றால் முதல் முறைக்கு வேண்டாம். பனியில் வேகம் எப்படி விழும் என்று மதுரையில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. தார் ரோட்டில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் ஓடுபவர் மிதிபடாத பனியில் பத்து, பன்னிரண்டு நிமிடம் எடுப்பது சாதாரணம். நேர வரம்பு உங்கள் வழக்கமான மலைப்பாதை நேரத்தைவிட ஒன்றரை மடங்காவது இருக்கிறதா பாருங்கள்.

கையில் காசு குறைவு, விசா அலைச்சலும் வேண்டாம் என்றால் முதலில் இமாச்சலத்தில் ஒத்திகை பாருங்கள். லாஹௌல் பள்ளத்தாக்கின் சிஸ்ஸுவில் 2022 முதல் மார்ச் மாதப் பனியில் ஸ்னோ மாரத்தான் லாஹௌல் நடத்துகிறார்கள். அது அல்ட்ரா இல்லை, ஆனால் பனி என்றால் என்ன என்று காலுக்குத் தெரிந்துவிடும். மணாலியிலிருந்து 9 கி.மீ. நீள அடல் சுரங்கம் வழியாகப் போகலாம். ஒரே எச்சரிக்கை உயரம். சிஸ்ஸு 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்தான். மணாலியில் (சுமார் 2,000 மீட்டர்) இரண்டு மூன்று இரவு தங்காமல் நேராக ஏறினால் தலைவலியும் வாந்தியும் ஓட்டத்தை முடித்துவைக்கும். ஆல்ப்ஸின் குளிர்காலப் பந்தயங்களில் பல 1,000 மீட்டருக்கும் 2,000 மீட்டருக்கும் இடையிலேயே ஓடிமுடிவதால் அங்கே உயரம் இந்த அளவுக்குப் படுத்தாது.

இனி வருவதெல்லாம் ஆல்ப்ஸ் பயணத்துக்கான கணக்கு. இமாச்சலம் போகிறவர்கள் விசா, இன்சூரன்ஸ் பகுதிகளைத் தாண்டி நேராக 6-க்குப் போய்விடுங்கள்.

2. தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பந்தயம் பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ என்று வையுங்கள். ஆல்ப்ஸ் நாடுகளுக்கு வேண்டியது ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே விசா. அதற்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு வழக்கமாக 15 நாள். சந்தேகம் வந்தால் 45 நாள்வரை இழுக்கலாம். ஆகவே நவம்பரில் விண்ணப்பித்துவிடுங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகிறவர்கள் அப்பாயின்ட்மென்டை எல்லாம் பிடித்துவிடுவார்கள், ஜனவரியில் நமக்குப் பொங்கல்.

நவம்பரில் விசா என்றால் அக்டோபருக்குள் பந்தயப் பதிவு, மருத்துவச் சான்று, தங்குமிட முன்பதிவு எல்லாம் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஏதாவது சரிசெய்ய வேண்டுமென்றால் அது ஜூன், ஜூலை வேலை. அரசு ஊழியர், அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் வெளிநாடு போகத் துறையின் அனுமதி வேண்டும். அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர மாதங்கள் ஆகும், எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத் தொடங்குங்கள்.

3. பெயர்: நம்மூருக்கே உரிய கண்ணி

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஐரோப்பிய ஓட்டப் பதிவுப் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. அப்போது ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் இனிஷியலைப் போடுவார், மற்றவர் தன் பெயரையே இரண்டு முறை போடுவார். பிறகு டிக்கெட்டில் ஒரு பெயர், இன்சூரன்ஸில் ஒரு பெயர், மருத்துவர் கடிதத்தில் ஒரு பெயர். விசா அதிகாரிக்கு இவர்கள் மூன்று தனித்தனி ஆட்கள்.

பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். அதில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருந்தால் முடிந்தவரை இப்போதே அப்பா பெயரை விரித்து எழுதி, பெயரைப் பிரித்துப் புதிய பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. மண்டல அலுவலகம் மதுரையிலேயே இருப்பதால் இதற்காக ஊர் தாண்ட வேண்டியதில்லை. ஆதாரும் பான் கார்டும் வேறு எழுத்துக்கூட்டில் இருந்தால் அவற்றை முதலில் சரிசெய்யுங்கள். அப்புறம் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் போடுங்கள்.

இன்னும் மூன்று விஷயம்: ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு 3 மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும், கொடுக்கப்பட்டு 10 ஆண்டு ஆகியிருக்கக் கூடாது, இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும்.

4. மருத்துவச் சான்றிதழ்

இத்தாலி இதில் மிகக் கண்டிப்பு. போட்டி விளையாட்டுக்கான மருத்துவத் தகுதிச் சான்று இல்லாமல் ஓட விடாது. மற்ற நாடுகளில் விதி வேறுபடும், பந்தயத்தின் விதிமுறைப் பக்கத்தைக் கடைசி வரிவரை படியுங்கள்.

கண்ணி இதுதான்: நம் மருத்துவர் தன் லெட்டர்பேடில் 'இவர் நலமாக இருக்கிறார்' என்று எழுதிக் கொடுப்பார். அது செல்லாது. பெரும்பாலும் அமைப்பாளரே ஒரு படிவம் வைத்திருப்பார். அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய், அதிலேயே கையெழுத்து, முத்திரை, மருத்துவரின் பதிவு எண், தேதி நான்கும் வாங்குங்கள். படிவம் இல்லையென்றால் 'போட்டி நிலையில் நெடுந்தூர ஓட்டத்துக்குத் தகுதியானவர்' என்ற பொருள்வரும் வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். வழக்கமாகச் சான்றின் தேதி பந்தய நாளிலிருந்து ஓராண்டுக்குள் இருக்க வேண்டும்.

ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட் இரண்டையும் படிவம் கேட்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் கண்டிப்பாக எடுக்க வேண்டும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வறண்ட குளிர்க்காற்று அதைக் கிளப்பிவிடும். எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும்.

5. விசாவும் இன்சூரன்ஸும்

எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். பந்தயம் இத்தாலியில், ஊர் சுற்றுவது சுவிட்சர்லாந்தில் அதிக நாள் என்றால் விண்ணப்பம் சுவிட்சர்லாந்துக்குப் போகும். முதல் முறை போகிறவர்கள் ஒரே நாட்டில் இருந்துவிட்டுத் திரும்புவது நல்லது. எழுதவும் எளிது, அதிகாரி நம்பவும் எளிது.

கைரேகை கொடுக்கச் சென்னை போக வேண்டியிருக்கும். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியக்காலை அங்கே இறங்கிக் குளித்துவிட்டு விசா விண்ணப்ப மையத்துக்குப் போகலாம், மறுபடி ராத்திரி பாண்டியனில் ஏறினால் காலையில் மதுரை. அப்பாயின்ட்மென்ட் கிடைத்த நிமிடமே ரயில் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள்.

விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, நம் காசில் ஒன்பதாயிரத்தை ஒட்டி. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது.

எடுத்துப் போக வேண்டியவை: நிரப்பிய படிவம், 35-க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படங்கள், பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட்டுகள் இருந்தால் அவையும், பயணத் திட்டத்தை நாள்வாரியாகச் சொல்லும் கடிதம், பந்தயப் பதிவு உறுதிச் சீட்டு, விமானமும் தங்குமிடமும் முன்பதிவு செய்த தாள், இன்சூரன்ஸ், வங்கி முத்திரையோடு கடைசி 3 மாதக் கணக்கு (சில நாடுகள் 6 மாதம் கேட்கும்), வருமான வரித் தாக்கல், சம்பளச் சீட்டு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம். மாசி வீதியில் கடை வைத்திருப்பவர் என்றால் விடுப்புக் கடிதத்துக்குப் பதில் ஜிஎஸ்டி பதிவும் கடையின் வங்கிக் கணக்கும்.

பந்தய அமைப்பாளருக்கு மின்னஞ்சல் போட்டு, விசாவுக்கென்று ஒரு கடிதம் கேளுங்கள். உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், பந்தயத் தேதி, கட்டணம் கட்டிவிட்டீர்கள் என்ற வரி, இவ்வளவு இருந்தால் போதும். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். இந்தத் தாளும், முன்பு ஓடிய பந்தயங்களின் சான்றிதழ்களும் சேர்ந்தால்தான் 'பிப்ரவரி குளிரில் இவர் ஏன் அங்கே போகிறார்' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

வங்கிக் கணக்கில் நம்மாட்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியம்: விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமாவிடம் இரண்டு லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது. திடீரென்று வந்து விழுந்த பணம் அதிகாரியின் கண்ணில் முதலில் படும். இருப்பு குறைவாக இருந்தாலும் மாதாமாதம் சீராக வந்து போகும் கணக்கே மேல். வீட்டில் யாராவது செலவை ஏற்றால் அதை அவருடைய கடிதம், அவருடைய கணக்கு என்று வெளிப்படையாகவே காட்டுங்கள்.

விசா கையில் வருவதற்கு முன் திருப்பித்தராத விமான டிக்கெட் வாங்காதீர்கள். பந்தயப் பதிவிலும் ரத்துச் செய்தால் பணம் திரும்புமா, அடுத்த ஆண்டுக்கு மாற்றலாமா என்று பார்த்துப் பதியுங்கள். சில யூரோ கூடக் கொடுத்து ரத்துக் காப்பு வாங்கும் வசதி இருந்தால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஏஜென்ட் விற்கும் சாதாரணப் பயண இன்சூரன்ஸ் விசாவுக்குப் போதும், ஓட்டத்துக்குப் போதாது. விலக்குப் பட்டியலைப் படித்தால் பல பாலிசிகளில் 'சாகச விளையாட்டு', 'போட்டிகளில் பங்கேற்பது' இரண்டும் விலக்கப்பட்டிருக்கும். மலையில் கால் உடைந்து ஹெலிகாப்டர் வந்தால் சுவிட்சர்லாந்து போன்ற இடங்களில் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். ஓட்டப் போட்டியும் மலை மீட்பும் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்பதற்கு மதிப்பில்லை.

6. மதுரையில் இருந்துகொண்டே பயிற்சி

ஏற்றத்துக்கு நமக்குக் குறையில்லை. வார நாட்களில் அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் சாலையில் ஏறி இறங்கலாம். வாரக் கடைசிக்குச் சிறுமலை கொண்டை ஊசி வளைவுகள். கீழக்குயில்குடிச் சமணர் மலை சிறியதுதான், ஆனால் பாறையில் இறங்கும் பழக்கம் தொடைக்கு வரும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். 2018 குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு கெடுபிடி அதிகம், அதில் நியாயமும் இருக்கிறது. வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பதிந்து போகும் பாதைகளில் வழிகாட்டியோடு நடக்கத்தான் முடியும், ஓட முடியாது. அதுவும் தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள்.

பனிக்கு மிக நெருக்கமான தரை மணல். கால் வைத்தால் பின்னுக்கு வழுக்கும், கணுக்கால் ஆடும், அடி எடுத்து வைக்க இடுப்பு வேலை செய்ய வேண்டும். நகருக்குள் வைகையில் இறங்க மனம் வராது. சோழவந்தான் பக்கம் போய், அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு, மணல் கிடைக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். மாதம் ஒரு முறை முடிந்தால் தனுஷ்கோடி. அங்கே மணலோடு எதிர்க்காற்றும் இலவசம்.

வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை பெய்கிறது என்று வீட்டில் உட்காராதீர்கள். நனைந்த காலுறையோடு மூன்று மணி நேரம் ஓடினால் கொப்புளம் எங்கே வருகிறது, எந்தத் தையல் உரசுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பனி உருகிக் காலணிக்குள் போவதும் ஈரம்தான். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ கொடைக்கானலில் இரண்டு இரவு தங்கி, விடிவதற்கு முன் ஓடுங்கள். வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், மன்னவனூர்ப் பக்கம் உறைபனியே விழும் நாட்கள் உண்டு. முழு உடையையும் பையையும் அங்கே சோதித்துப் பாருங்கள். நீண்ட ஓட்டத்தைப் பொங்கல் வாரத்தில் வைக்காதீர்கள். ஜல்லிக்கட்டு நேரத்தில் அலங்காநல்லூர், பாலமேடு சாலைகளில் நடக்கவே இடம் இருக்காது.

7. உடை: வியர்வையை அடக்குவது

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்ப்பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

வெயிலில் பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், அதிகமாகவும் வியர்க்கும். மதுரை மே மாதத்தில் நம்மைக் காப்பாற்றும் அதே குணம் பனிமலையில் எதிராகத் திரும்பும். ஏற்றத்தில் உள்ளாடை நனையும். மேட்டில் ஏறி நின்றதும் காற்று அடிக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். நனைந்த பனியனோடு அங்கே ஐந்து நிமிடம் செல்ஃபி எடுக்க நின்றவர் பிறகு சூடேறவே மாட்டார்.

ஆகவே பருத்தி எதுவும் கூடாது, ஜட்டி உட்பட. தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது ஓட்டத்துக்கான பாலியெஸ்டர். அதன் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். பையில் தைத்த இடமெல்லாம் டேப் ஒட்டிய வாட்டர்புரூஃப் ஜாக்கெட், பல பந்தயங்கள் 10,000 மி.மீ. நீர்த்தடுப்புத் திறன் கேட்கும், லேபிளைப் பாருங்கள். கனமான ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற சூட்டு மேலாடை) பைக்குள்ளேயே கிடக்கட்டும், நின்றால்தான் அது வேண்டும். இங்கிருந்து போகிறவர்கள் பயந்துபோய் மொத்தத்தையும் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள், இரண்டாவது கிலோமீட்டரிலேயே உள்ளே குளித்துவிடுகிறார்கள். தொடக்கக் கோட்டில் லேசாக நடுங்கினால் சரியான உடை போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே ஜிப்பைத் திறங்கள், தொப்பியைக் கழற்றுங்கள். வியர்த்த பிறகு திறப்பது தாமதம். உச்சிக்குச் சற்று முன்னால், காற்று படாத இடத்தில் நின்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அப்புறம் மேட்டைத் தாண்டுங்கள். வியர்க்கிற மாதிரி இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். இந்தப் பழக்கம் ஒரு நாளில் வராது, கொடைக்கானலில் பழகச் சொன்னது இதற்காகத்தான். உலர்ந்த உள்ளாடை ஒன்றை ஜிப் பையில் போட்டு முதுகுப் பையின் அடியில் வையுங்கள். பாதி தூரத்தில் மாற்றிக்கொள்வதற்குச் செலவாகும் நான்கு நிமிடம் வீண் இல்லை.

கைக்கு மெல்லிய உள்ளுறை, மேலே விரல்கள் ஒன்றாக இருக்கும் காற்றுத்தடுப்பு உறை. இறுக்கமான கையுறை வாங்காதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். விரல் மரத்தால் ஜிப் திறக்க வராது, சத்து ஜெல் பொட்டலத்தைக் கிழிக்க வராது, அங்கிருந்து எல்லாம் சரியும். காலணி அரை அளவு பெரிதாக, அடியில் ஆழமான பிடிகளோடு இருக்கட்டும். கம்பளிக் காலுறை ஒன்று போதும், இரண்டைத் திணித்தால் கையுறைக்குச் சொன்ன அதே கதை. கணுக்காலில் பனி உள்ளே போகாமல் கெய்ட்டர் என்ற உறை.

8. மற்ற சாமான்கள்

மைக்ரோஸ்பைக்ஸ் என்பது காலணி மேல் ரப்பரால் மாட்டும் இரும்புப் பல் சங்கிலி. காலையில் இறுகிய பனிக்கட்டியில் இது இல்லாமல் நிற்கவே முடியாது. மூவாயிரம் முதல் ஐயாயிரம்வரை ஆகும். நீங்கள் ஓடப்போகும் அதே காலணியில் மாட்டி, கையுறை போட்ட கையால் கழற்றி மாட்டிப் பழகுங்கள். ஊன்றுகோல், தலைவிளக்கு இரண்டு, மாற்று பேட்டரி, அவசரப் போர்வை, விசில், கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியை ஸ்டைலுக்கு என்று நினைக்காதீர்கள், வெயில் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைச் சுடும். மூக்குக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் தடவ வேண்டும், கதிர் கீழிருந்தும் வரும்.

ஊன்றுகோலும் ஸ்பைக்ஸும் செக்-இன் பெட்டியில் போக வேண்டும். பவர் பேங்கும் மாற்று பேட்டரியும் கைப்பையில். பெட்டி தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, காலணியையும் ஜாக்கெட்டையும் கைப்பையிலேயே கொண்டுபோங்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு நெஞ்சோடு ஒட்டிய பையில் வையுங்கள்.

9. சாப்பாடும் தண்ணீரும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கொண்டுபோகலாம் என்று நினைப்பீர்கள். முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவரத் தடை. நெய்யும் அதில் சேரும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பிரச்சினை இல்லை, ஆனால் உருண்டையாக எடுக்காதீர்கள். எதைக் கொண்டுபோனாலும் முந்தைய ராத்திரி ஃபிரீசரில் வைத்துக் காலையில் கடித்துப் பாருங்கள். பல்லுக்கு வராதது மலையில் பையைவிட்டு வெளியே வராது. கடலைமிட்டாயை முன்பே நொறுக்கி, சிறு பொட்டலமாக உள் ஜேபியில் வைத்தால் சாப்பிடலாம்.

குளிரில் தாகம் எடுக்காது, சிறுநீர் மட்டும் அதிகம் போகும். கடிகாரம் பார்த்து இருபது நிமிடத்துக்கு ஒரு வாய் குடியுங்கள். குழாய் வைத்த தண்ணீர்ப் பையில் முதலில் உறைவது குழாய்தான், குடித்ததும் ஊதித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடுங்கள். பாட்டில் என்றால் தலைகீழாகச் செருகுங்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் பிடிக்கும், வாய் அடியில் இருந்தால் திறந்திருக்கும். பந்தயப் பாதையில் உள்ள உதவி மையங்களில் சூடான சூப் தருவார்கள். சைவக்காரர்கள் எலும்புச்சாறா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

10. செலவு எவ்வளவு?

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பிப்ரவரியில் போய்வர டிக்கெட் 55,000 முதல் 80,000. பதிவுக் கட்டணம் 60 முதல் 120 யூரோ. விசா, மையக் கட்டணம், சென்னைப் பயணம் எல்லாம் சேர்த்து 15,000. ஆறு இரவு ஹாஸ்டல் படுக்கைக்கு 30,000 முதல் 45,000, சுவிட்சர்லாந்து என்றால் இன்னும் கூடும். உள்ளூர் ரயில், சாப்பாடு 20,000-க்குக் குறையாது. சாமான்களுக்கு ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து தொடங்கினால் 35,000 முதல் 50,000. ஆக இரண்டு லட்சத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஊன்றுகோல், ஸ்பைக்ஸ், ஃபிளீஸ் ஆகியவற்றை இரவல் வாங்கலாம். காலணி, உள்ளாடை, கையுறை இவற்றில் இரவல் வேண்டாம்.

11. அங்கே போன பிறகு

மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். இரண்டு முறை முழு உடையில் பனியில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். மார்பில் குத்தும் பந்தய எண்ணை வாங்கும்போது கட்டாயப் பொருள்களைச் சோதிப்பார்கள். விசில் இல்லையென்றாலும் நிறுத்திவிடலாம், அல்லது நேர அபராதம் போடலாம்.

குளிர்காலக் கடைசியில் பனி ஒரே நாளில் குணம் மாறும். விடியலில் கண்ணாடிபோல் இறுகி இருக்கும், ஸ்பைக்ஸ் வேண்டும். மதியம் இளகி, அடி வைத்தால் தொடைவரை இறங்கும். அதனால் நேரக் கணக்கில் முதல் பாதியில் கொஞ்சம் சேமியுங்கள். முன்னால் போனவர்கள் மிதித்த தடத்திலேயே கால் வையுங்கள். குறுக்கு வழி தேடிப் பாதை காட்டும் கொடிகளைத் தாண்டாதீர்கள், இளகும் பனி சரிவதும் இந்தப் பருவத்தில்தான். பனிச்சரிவு ஆபத்து என்றால் அமைப்பாளர்கள் பாதையை மாற்றுவார்கள், சுருக்கவும் செய்வார்கள். வாட்சில் பழைய வரைபடத்தை நம்பிப் போகாமல் முந்தைய மாலை விளக்கக் கூட்டத்தில் உட்காருங்கள்.

நடுக்கம், வாய் குழறல், ஜிப் மாட்ட வராமை, காரணமில்லாத எரிச்சல் இவை வந்தால் உடம்புச் சூடு இறங்குகிறது. நடுக்கம் தானாக நின்று 'இப்போ பரவாயில்லை' என்று தோன்றினால் அது இன்னும் ஆபத்து. உடனே உலர்ந்த உடை, ஜாக்கெட், போர்வை, அருகில் உள்ளவரிடம் சொல்வது. மூக்கு, காது, விரல் நுனி வெளுத்தால் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது அதைவிட மோசம். விரலை அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். அவசர எண் 112. ஆல்ப்ஸில் உதவி கேட்கும் சைகை, நிமிடத்துக்கு ஆறு முறை விசில், பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

முடித்ததும் பதக்கத்தோடு படம் எடுப்பதற்கு முன் ஈர உடையை மாற்றுங்கள். மரத்த காலைக் கொதிநீரில் வைக்காதீர்கள், சூடு தெரியாமல் வெந்துவிடும். உடம்புச் சூட்டளவு வெந்நீர் போதும். அடிபட்டிருந்தால் அங்கேயே மருத்துவரிடம் காட்டி ரசீதும் அறிக்கையும் வாங்குங்கள். ஊருக்கு வந்து கேட்டால் இன்சூரன்ஸில் எடுபடாது.

ஷெங்கனுக்குக் கொடுத்த கைரேகை 59 மாதங்கள் செல்லும். அடுத்த விண்ணப்பத்தில் அந்தத் தேதியைக் குறிப்பிட்டால் மறுபடி ரேகை கேட்காமல் விடலாம். எதற்கும் பழைய விசாப் பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள்.